குருந்த மரத்தடியும் கூடை மண்ணும்

அரசாங்கப் பணம். கஜானாவிலிருந்து எண்ணிக் கொடுத்தது. ‘குதிரை வாங்கிக்கொண்டு வா’ என்று அனுப்பினால், போன இடத்தில் மொத்தத்தையும் கோயில் கட்டச் செலவழித்துவிட்டு, ‘குதிரை ஆவணி மூலத்தன்று வரும்’ என்று ராஜாவுக்கு ஓலை அனுப்பினால் என்ன அர்த்தம்?

நான் காலேஜில் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு ஒரே பெயர்தான்: ஒரு காரியத்துக்கு ஒதுக்கிய நிதியை இன்னொன்றுக்குத் திருப்பிவிட்டது. ‘கையாடல்’ என்று எழுதினாலும் மார்க் போடுவார்கள். ஆனால் அந்த மந்திரியைத்தான் ‘மாணிக்கவாசகர்’ என்று ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்!

மதுரைக்குப் பக்கத்தில், மேலூர்ப் பகுதியில் இருக்கிறது திருவாதவூர். அவர் பிறந்த ஊர். அதனால்தான் ‘வாதவூரர்’. இந்த ஊர்க்காரரின் கதை திருவிளையாடல் புராணத்தின் அறுபத்து நான்கில் 58 முதல் 61 வரை நான்கு படலங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குருந்த மரத்தடியில் உபதேசம், நரி பரியானது, பரி மறுபடி நரியானது, கடைசியில் பிட்டுக்கு மண் சுமந்தது. கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாட்டி சொல்லியிருப்பார்.

நான் இந்த வாரம் பேசப்போவது கதையை அல்ல, படத்தை. இந்தக் கதையைச் சுவரிலும் விதானத்திலும் வரைந்து வைத்தார்களே, அந்தப் படங்களை. பள்ளிக்கூடம் என்றால் என்ன, அதில் யார் உட்காரலாம், யார் மண் சுமக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஓவியர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மதுரை மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபச் சுவர்களில் 64 திருவிளையாடல்களையும் தீட்டி வைத்தார்கள். பலமுறை மங்கி, பலமுறை புதுப்பிக்கப்பட்டவை. சிதம்பரத்தில் சிவகாமி அம்மன் சன்னிதி முன்மண்டபத்தின் விதானத்திலும் நாயக்கர் காலத்தில் வாதவூரர் கதையை வரைந்தார்கள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்குத் தெரியும்.

நாயக்கர் கால ஓவியம் பெரும்பாலும் சினிமா ரீல் மாதிரி. நீளமான பட்டை பட்டையாக ஓடும். அதே ஆள் திரும்பத் திரும்ப வருவார்: இங்கே நிற்பார், அடுத்து நடப்பார், அதற்கடுத்து விழுந்து கும்பிடுவார். பல இடங்களில் பட்டைக்குக் கீழே ‘இது இன்னது’ என்று தமிழில் ஒரு வரி எழுதியிருக்கும். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து ஓவியத்தில் சித்திர ஓவியர் சிங்காதனம் என்ற கலைஞர் தன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்த ஓவியர்!

சரி, அந்த வரிகளை எழுதியது யாருக்காக? கோயிலுக்கு வந்த கூட்டத்தில் எழுத்துத் தெரிந்தவர்கள் கொஞ்சம்தான். தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படித்திருப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று, படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்களுக்கு அந்தச் சுவர்தான் பள்ளிக்கூடம்.

இப்போது முதல் காட்சி. திருப்பெருந்துறை, அதாவது இன்றைய ஆவுடையார்கோயில். குருந்த மரத்தடியில் ஒரு குரு. சுற்றிலும் சீடர்கள். குரு கையில் சுவடி. எதிரே மந்திரி கைகூப்பி நிற்கிறார். ‘கையில் இருப்பது என்ன?’ என்று மந்திரி கேட்டதாகவும், ‘சிவஞானபோதம்’ என்று குரு சொன்னதாகவும் திருவாதவூரர் புராணம் சொல்லும்.

இந்த மந்திரி படிக்காதவர் அல்ல. சின்ன வயசிலேயே எல்லாக் கலையும் கரைத்துக் குடித்து, பாண்டியனிடம் ‘தென்னவன் பிரமராயன்’ என்று பட்டம் வாங்கியவர். இன்றைய கணக்கில் சொன்னால் தலைமைச் செயலாளர். அப்பேர்ப்பட்டவர் மரத்தடியில் ஒருவரிடம் ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்’ என்கிறார். படிப்பு முடிந்துவிட்டது என்று நினைத்த ஆள் மறுபடி முதல் வகுப்பில் வந்து சேர்வதுதான் இந்தக் காட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் பார்த்த எந்தக் குருந்த மரத்துப் படத்திலும் குரு கையில் பிரம்பு கிடையாது. ஒரு கையில் சின்முத்திரை, இன்னொரு கையில் ஓலை. அவ்வளவுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து குதிரை. அதை வேகமாகக் கடந்துவிடலாம். குதிரை வியாபாரியாகச் சிவன் வந்த காட்சியை ஆவுடையார்கோயிலில் தூணில் சிலையாகவே செதுக்கியிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களில், கப்பலில் குதிரைகள் வருகின்றன, கூடவே அரபு வியாபாரிகள். கற்பனை அல்ல. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் குதிரை வாங்குவதாகவும், வருஷக் கடைசியில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்றும் எழுதியிருக்கிறார். லாடம் கட்டுகிறவர்களையும் வைத்தியர்களையும் இந்தப் பக்கம் வராதபடி வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த ஆர்டர்! (வாதவூரர் அந்தப் பணத்தில் கோயில் கட்டியது ஒருவகையில் நல்ல முதலீடுதான் என்று ஆடிட்டர் மனசு சொல்கிறது.)

இதில் நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். ஓவியன் புராணத்தை வரைகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் காலத்துத் துறைமுகத்தை வரைந்தான். தன் காலத்துத் தலைப்பாகையை, தன் காலத்துக் கப்பலை. அப்படியென்றால் வைகைக் கரைக் காட்சியிலும் அவன் காலத்து மதுரை இருக்க வேண்டுமல்லவா?

இருக்கிறது.

குதிரைகள் ராத்திரியோடு ராத்திரியாக நரியாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிட்டன. ராஜாவுக்குக் கோபம். வாதவூரரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். வைகையில் வெள்ளம் வந்தது. கரை உடைந்தது. ‘வீட்டுக்கு ஓர் ஆள் வந்து பங்குக் கரையை அடைக்க வேண்டும்’ என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கு வீட்டில் ஆள் இல்லை. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் பங்கு மட்டும் உண்டு! இதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். அரசாங்கத்தின் கணக்கில் அவள் ஒரு வீடு. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அவளால் முடியுமா என்பதெல்லாம் கணக்கில் கிடையாது.

கூலி இல்லாமல் ராஜாவுக்குச் செய்ய வேண்டிய இந்த வேலைக்குச் சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று பெயர். ‘வெட்டி வேலை’ என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்கிறோமே, அந்த வார்த்தைக்குப் பின்னால் இத்தனை முதுகு வலி இருக்கிறது. வந்தி கதையைப் புராணம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1858-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ‘சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்’ என்று ஒன்றே போட்டது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால் பக்கத்தில் இருக்கிற ஆட்களைக் கட்டாயமாகக் கூப்பிடலாம், வராவிட்டால் தண்டனை. பாண்டியனுக்கும் கம்பெனிக்காரனுக்கும் வித்தியாசம் என்ன தெரியுமா? கதையில் பாண்டியன் கூப்பிட்டது வீட்டுக்கு ஓர் ஆள். பணக்காரன் வீடும் அதில் சேர்த்தி. 1858 சட்டம் கூப்பிட்டது ‘உழைக்கும் வர்க்கத்து’ ஆண்களை மட்டும்.

வந்திக்கு ஆளாக வந்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை, தோளில் மண்வெட்டி. கூலி, உதிர்ந்த பிட்டு. தின்றார், பாடினார், ஆடினார், படுத்துத் தூங்கினார். வந்தி பங்கு மட்டும் அடைபடவில்லை. மேஸ்திரிகள் போய்ச் சொல்ல, ராஜாவே வந்தான். பொற்பிரம்பால் ஓங்கி ஒரு அடி.

அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது. அடித்த ராஜா முதுகில், அந்தப்புரத்து ராணி முதுகில், வயிற்றிலிருந்த கருவின் மேல்கூட.

இதை எப்படி வரைவது? ஒரு கட்டத்துக்குள் அடங்காத விஷயம். கோயில் கோயிலாக நாம் பார்க்கிற வடிவத்தில் ராஜா பிரம்பை ஓங்கியபடி நிற்பான், எதிரே கூடையோடு கூலியாள். அடி விழுவதற்கு ஒரு நொடி முன்னால் படம் நின்றுவிடும். மீதியைப் பார்க்கிறவன் முதுகு உணர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

இப்போது இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மரத்தடியில் சில ஆண்கள், சுவடி, அமைதி. ஆற்றங்கரையில் ஊர் மொத்தமும், மண், சேறு, அதட்டல். பிரம்பு இருப்பது ஆற்றங்கரையில். மேஸ்திரி வேலைக்கும் ராஜ தண்டனைக்கும் உரிய பொருள் அது.

அது எப்போது வாத்தியார் கைக்கு வந்தது? என் தலைமுறையில் பிரம்பு இல்லாத வாத்தியாரை வரையச் சொன்னால் கார்ட்டூனிஸ்ட் திணறிப்போவார். குடுமி, மூக்குக்கண்ணாடி, பிரம்பு, இந்த மூன்றையும் போட்டால்தான் அது வாத்தியார். நான் படித்த பள்ளியில் ஒரு சார் பிரம்புக்கு எண்ணெய் போட்டு வளர்த்தார். வகுப்பில் குருந்த மரத்துக் குருவைப் பாடமாக நடத்தியதும் அவர்தான்! தமிழ்நாட்டில் 2003-ல்தான் கல்வி விதிகளைத் திருத்திப் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுவதும் தடுத்தது. மண் சுமக்கிறவனைக் கண்காணிக்கிற முறையைப் பிள்ளைகள் மேல் பிரயோகித்திருக்கிறோம், தலைமுறை தலைமுறையாக.

அடுத்த கேள்வி கொஞ்சம் சங்கடமானது. மரத்தடிப் படத்தில் யார் இல்லை?

திருவாதவூருக்கே திரும்பலாம். ஊருக்குப் பக்கத்தில் ஓவாமலை என்று ஒரு குன்று. அங்கே குகையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சமணத் துறவிகளுக்குச் செய்து கொடுத்த உறைவிடம். அதில் ஒரு கல்வெட்டு ‘உபசன்’ ஒருவரைப் பற்றிச் சொல்கிறது. சமய நூல்களைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் என்று ஐராவதம் மகாதேவன் அதற்குப் பொருள் சொல்கிறார். மாணிக்கவாசகருக்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே அந்த ஊரில் ஒரு வாத்தியார்! துறவிகள் தங்கிய இடத்தைச் சொன்ன ‘பள்ளி’ என்ற வார்த்தைதான் இன்று நம் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போகிற இடத்துக்கும் பெயர்.

சமணர்கள் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பெண் ஆசிரியரைக் ‘குரத்தி’ என்றார்கள். வந்தவாசிக்குப் பக்கத்தில் வேடல் என்ற ஊரின் 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் கனகவீரக் குரத்தியார் என்ற அம்மாளும் அவருடைய 500 மாணவிகளும் வருகிறார்கள். ஐந்நூறு!

ஆனால் மதுரைக் கோயில் சுவரில் அந்தச் சமணர்கள் எப்படி வந்தார்கள் தெரியுமா? கழுவில் ஏற்றப்பட்டவர்களாக. அப்படி ஒன்று நடந்ததற்கு அந்தக் காலத்திய சான்று எதுவும் கிடைக்கவில்லை. படம் மட்டும் இருந்தது. ‘பள்ளி’ என்ற வார்த்தையைக் கொடுத்தவர்கள் சுவரில் பாடம் சொல்கிறவர்களாக வரவில்லை, தோற்றவர்களாகத்தான் வந்தார்கள். சுவரில் எதை வரைவது என்பதை ஜெயித்தவர்கள்தானே தீர்மானிக்கிறார்கள்?

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். அதே மீனாட்சி கோயிலில் ஊஞ்சல் மண்டப விதானத்தில் ஓர் ஓவியம். ராணி மங்கம்மாள் மீனாட்சியிடமிருந்து செங்கோல் பெறுகிறார். கூடவே பேரன் விஜயரங்க சொக்கநாதன். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவர் அவர். விதானத்தில் ஒரு பெண் கையில் செங்கோல். சரி, கீழே?

1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, ‘எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், கணக்கெடுங்கள்’ என்று கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். மதுரைக்குக் கலெக்டர் ரௌஸ் பீட்டர். மதுரைக்காரர்கள் ‘பீட்டர் பாண்டியன்’ என்று செல்லமாகக் கூப்பிட்டாரே, மீனாட்சிக்குத் தங்க அங்கவடி செய்து கொடுத்தாரே, அவரேதான். 1823-ல் அவர் அனுப்பிய கணக்குப்படி மதுரை மாவட்டத்தில் 844 பள்ளிக்கூடங்கள், 13,781 பிள்ளைகள். அதில் பிராமணப் பிள்ளைகள் 1,186 பேர். ‘சூத்திரர்’ என்று எழுதப்பட்டவர்கள் 7,247 பேர், பாதிக்கு மேல்! ‘படிப்பு முழுக்க ஒரு சாதி கையில் இருந்தது’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்க்க வேண்டும். தரம்பால் 1983-ல் இந்தக் கணக்குகளைப் புத்தகமாகப் போட்டபோது பெரிய விவாதமே நடந்தது.

ஆனால் அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதீர்கள். அந்த 13,781-ல் பெண் பிள்ளைகள் 105 பேர். படிப்பு என்பது ஆடும் பெண்களுக்குத்தான், குடும்பப் பெண்ணுக்குக் கூடாது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று மன்றோ 1826-ல் எழுதினார். மாகாணம் முழுவதும் சேர்த்து, ஒரு கோடியே 28 லட்சம் ஜனத்தொகையில் பள்ளியில் இருந்தவர்கள் 1,88,650 பேர். 67 பேருக்கு ஒருவர்.

மிச்சம் 66 பேர்? அவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆற்றங்கரைப் படத்தில் இருக்கிறார்கள்.

வாதவூரர் கதையிலேயே ஒரு பெண் வருகிறாள், அதிகம் பேர் கவனிப்பதில்லை. சிதம்பரத்தில் பௌத்தர்களோடு வாதம் நடக்கிறது. ஈழத்து ராஜாவின் பெண் பிறவி ஊமை. வாதவூரர் அவளைப் பேச வைத்து, பௌத்தர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் வாயாலேயே பதில் சொல்ல வைத்தார் என்று கதை. திருவாசகத்தில் திருச்சாழல் என்று ஒரு பகுதி, பெண்கள் கேள்வியும் பதிலுமாக விளையாடுகிற பாட்டு. அதன் பின்னணி இதுதான் என்பார்கள். பரிட்சையில் பதில் சொல்லி ஜெயித்த பெண்! நியாயமாகப் பார்த்தால் ஒவ்வொரு பெண்கள் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இவளைத்தான் வரைந்திருக்க வேண்டும். நாம் வரைந்தது சரஸ்வதியை. அவள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதவள்.

நம் காலத்துச் சுவரோவியத்துக்கு வருகிறேன். 2001-க்குப் பிறகு நீங்கள் தமிழ்நாட்டில் எந்த ஊர் அரசுப் பள்ளியைத் தாண்டிப் போனாலும் காம்பவுண்டுச் சுவரில் அதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய பென்சில். அதன் மேல் குதிரை ஏறின மாதிரி ஒரு பையனும் ஒரு பெண்ணும். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் சின்னம். 2018-ல் அந்தத் திட்டம் வேறு திட்டங்களோடு இணைக்கப்பட்டு ‘சமக்ர சிக்ஷா’ ஆகிவிட்டது. சின்னச் சின்ன ஊர்களில் உள்ளூர் பெயின்டர்கள் வரைந்தவை. சில இடத்தில் பென்சில் ராக்கெட் மாதிரி இருக்கும், சில இடத்தில் வாழைத்தண்டு மாதிரி. கலை விமர்சகர்கள் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனால் நாயக்கர் கால விதானத்தைப் பார்த்த கண்ணோடு இதைப் பாருங்கள். பையனும் பெண்ணும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். குருந்த மரம் இல்லை. பிரம்பு இல்லை. குருவே இல்லை! அந்தக் காலத்துப் படத்தில் படிப்பு என்றால் ஒருவர் காலடியில் உட்காருவது. இந்தப் படத்தில் படிப்பு என்றால் ஏறி ஓட்டுவது. நானூறு வருஷத்தில் நடந்த மாற்றம் அந்தப் பென்சில் நீளத்துக்குள் இருக்கிறது.

ஒரு குறை. பென்சில் மேல் குழந்தைகளுக்குத்தான் இடம். வயசான வந்திக்கு இல்லை.

அவளும் படிக்க வந்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சின்னம் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், 1991-ல், புதுக்கோட்டை மாவட்டத்தில். குருந்த மரத்து ஆவுடையார்கோயில் இருக்கிற அதே மாவட்டம். அறிவொளி இயக்கம் என்று வகுப்புகள் நடத்தினார்கள். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வகுப்புக்கு வந்தவர்களில் வயலில் கூலி வேலை செய்கிற பெண்கள் இருந்தார்கள், கல்குவாரியில் பாறை உடைத்துச் சுமக்கிற பெண்கள் இருந்தார்கள். பகலெல்லாம் தலையில் சும்மாடு. சாயங்காலம் வந்து அரிச்சுவடி. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை, சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். ஊர் ஆம்பளைகள் கேலி பண்ணினார்கள், கண்டபடி பேசினார்கள். ஆயிரக்கணக்கில் பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது நடுவில் கம்பி உள்ள ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். அதுதான் வசதி என்று சிலர் சொன்னார்களாம், முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே!